வாசலோடு நின்றுவிடும் தப்பு

நமது பகுதியில் விழா என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரதம அதிதியின் வாகனம் வாயிலில் வந்து நிற்கும். மாலை அணிவிப்பார்கள். பிள்ளைகள் இரு மருங்கிலும் நின்று கை தட்டுவார்கள். தோட்டங்களை அண்டிய ஊராக இருந்தால் நான்கைந்து பேர் தப்படித்தபடி முன்னே நடப்பார்கள். மண்டபத்தின் படிக்கட்டு வந்ததும் தப்பு ஓய்ந்துவிடும். அதிதிகள் உள்ளே போவார்கள், அடித்தவர்கள் வெளியே நின்றுகொள்வார்கள். உள்ளே வரவேற்புரை, தலைமையுரை, ஒலிநாடாப் பாட்டுக்கு ஒரு நடனம் என்று நிகழ்ச்சிகள் தொடரும். நன்றியுரையில் ஒலிபெருக்கி தந்தவரின் பெயர்கூட வரும். தப்படித்தவரின் பெயர் மட்டும் அழைப்பிதழிலும் இராது, நன்றியுரையிலும் இராது.

கேகாலை மாவட்டத்தின் தோட்டப் பட்டினம் ஒன்றில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் நான். இத்தகைய விழாக்களைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். என் கருத்து இதுதான்: தப்பு மண்டபத்துக்குள் வர வேண்டும், மேடை ஏற வேண்டும். ஆனால் மேடையேற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை தெரியாமல் ஏற்றினால், வாசலில் நடக்கும் அவமதிப்பையே வெளிச்சம் போட்டு மேடையில் நடத்தியதாக முடியும்.

தப்பு என்பது வட்டமான சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வாத்தியம். தமிழகத்தில் பறை என்பார்கள். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. தெரணியகலையிலும் யட்டியாந்தோட்டையிலும் றப்பர் மரங்களுக்கிடையில் லயங்களில் குடியேறிய மக்களுக்கு அது வெறும் இசைக்கருவியாக மட்டும் இருக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கர் கதைக்கும் கூட்டத்தைத் திரட்டியது தப்பு. ஒருவர் இறந்தால் அடுத்த லயத்துக்குச் செய்தி சொன்னதும் தப்புத்தான். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று கேட்ட மாத்திரத்தில் இன்ன காரியம் என்று தோட்டத்து மக்கள் அறிந்துகொள்வார்கள். மலையகத்தின் பெரும் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1950களில் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை, விடியற்காலைத் தப்பொலியோடுதான் ஆரம்பமாகிறது. சக்தீ அ. பால ஐயாவின் தமிழாக்கத்தில் நம்மில் சிலர் அதைப் படித்திருப்போம். ஒரு மக்களின் வரலாற்றைச் சொல்லப் புகுந்த கவிஞருக்கு முதலில் காதில் விழுந்த ஓசை அது.

அவ்வளவு பெரிய ஓசை ஏன் வாசலோடு நின்றுபோகிறது? காரணம் நம் எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் கூச்சப்படுகிறோம். தப்பைக் குறிப்பிட்ட ஒரு சாதியாரின் கடமையாக்கி, சாவு வீட்டு வேலையாக்கி, அடித்தவர் கையில் சில்லறை போட்டு அனுப்பிவிடும் வழக்கம் கடல் கடந்து வந்தபோதும் கூடவே வந்தது. எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் பெரியவர் ஒருவர் நாற்பது வருடமாகத் தப்படிப்பவர். விழாக்களைப் பற்றி அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"எங்க பேருக்கு ஒரு கடுதாசி வந்ததில்ல புள்ள. தலைவர்கிட்ட சொல்லுவாங்க, நாலு பேர அனுப்பி வைன்னு. நாங்க போவோம். அடிப்போம். டீ குடுப்பாங்க, வந்துருவோம்."

"உங்கள் மகன் பழகவில்லையா ஐயா?"

"அவன் கொழும்புல கடையில நிக்கிறான். தப்பத் தொடமாட்டேங்குறான். அவனக் குத்தம் சொல்ல முடியுமா?"

குற்றம் சொல்ல முடியாது. 'நாலு பேர்' என்று மட்டும் அழைக்கப்படும் ஒரு தொழிலுக்கு எந்தத் தகப்பனாலும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த இயலாது. தப்பு அழிந்து போகிறதே என்று மேடையில் கண்ணீர் வடிப்பவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முஸ்லிம் மகளிர் கல்லூரி மாணவி ஒருத்திக்கு இதில் என்ன அக்கறை என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். இசை பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் பெருநாளிலும் திருமண வீட்டிலும் தட்டப்பட்ட தஃப் பற்றி ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். அதுவும் ஒரு பக்கம் தோல் போர்த்திய வட்ட வாத்தியமே. இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடைக்கு அப்பால் கூரகலை ஜெய்லானியில், கந்தூரி நாட்களில் றிபாயி ராத்திபின்போது ஒலித்த றபானை நம் பெற்றோரில் பலர் கேட்டிருப்பார்கள். அதுவும் இதே குடும்பந்தான். தப்பு நமக்கு அந்நியமென்று சொல்ல வழியில்லை. நம்முடைய கடைகளும் அவர்களுடைய லயங்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே பாதையில் இருக்கின்றன. அயலவரின் கண்ணியம் நமது அக்கறைக்கு உட்பட்டது.

ஒரு மரபு வாத்தியத்தை மரியாதையோடு சபைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு, தென்கிழக்காசியாவின் 'கொங்' இசையில் நல்ல பாடங்கள் இருக்கின்றன. நம் சேகண்டியைப் போல வெண்கலத்தால் ஆன வாத்தியம் கொங். பெரும்பாலும் நடுவில் குமிழ் இருக்கும். அந்தப் பெயரே மலாய், ஜாவா மொழிகளிலிருந்து உலகுக்குப் போனதுதான். நம் நாட்டு மலாய் முஸ்லிம்களின் முன்னோரில் பலர் ஜாவாவிலிருந்தும் அதை அண்டிய தீவுகளிலிருந்தும் ஒல்லாந்தர் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்டவர்கள். ஆகவே இது தூரத்துக் கதையும் அல்ல.

ஜாவாவின் யோக்யகர்த்தாவில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த மாதத்தில் 'செக்காத்தேன்' விழா நடக்கும். அரண்மனையின் பழைமையான கமெலான் வாத்தியங்கள் பெரிய பள்ளிவாசலின் முற்றத்துக்கு ஊர்வலமாக எடுத்துவரப்பட்டு, மண்டபங்களில் வைத்து நாட்கணக்கில் இசைக்கப்படும். வியாழன் இரவு தொடங்கி வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடியும் வரை இசை நிறுத்தப்படும். அந்த வாத்தியத் தொகுதிகளுக்குத் தனிப் பெயர்கள்கூட உண்டு. பெரியவர்களை அழைப்பதுபோல 'கியாய்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்தே அழைப்பார்கள். கமெலான் வாத்தியத்தைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார்கள். இசைக்க உட்காருமுன் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நாமோ வாத்தியத்துக்கும் பெயர் வைக்கவில்லை, அடிப்பவரின் பெயரையும் கேட்கவில்லை.

பிலிப்பைன்ஸின் தெற்கே மிந்தனாவோ தீவில் மகிந்தனாவோ முஸ்லிம்கள் 'குலிந்தாங்' இசைக்கிறார்கள். எட்டுச் சிறு கொங்குகளை ஒரு வரிசையாக அடுக்கி, ஒருவர் அமர்ந்து இரு கோல்களால் தட்டுவார். மரபுவழியில் இது பெண்களின் வாத்தியமாகவே இருந்து வந்திருக்கிறது. அந்த மண்ணில் பிறந்த தனோங்கன் கலந்துயான் 1970களில் அமெரிக்காவுக்குப் போய் அங்கே இதைக் கற்பித்தார். 1995இல் அந்நாட்டின் தேசிய மரபுக்கலை விருது அவருக்குக் கிடைத்தது. கலையோடு சேர்த்துக் கலைஞரையும் ஆசிரியராக ஏற்றுக்கொண்டதால்தான் அது சாத்தியமாயிற்று.

வியட்நாமின் மத்திய மலைநாட்டுக் கொங் மரபை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுரிமையாகப் பிரகடனம் செய்தபோது, 'கொங் பண்பாட்டு வெளி' என்றே அதற்குப் பெயரிட்டது. கருவியை மட்டும் எடுத்துக் காட்டினால் போதாது, அது ஒலிக்கும் ஊரும் சடங்கும் மனிதரும் சேர்ந்ததே மரபு என்பது அதன் பொருள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 1889இல் பாரிஸ் நகரத்துப் பெருங்கண்காட்சியில் ஜாவாக் கிராமம் ஒன்றை அமைத்து, ஆட்களையும் வாத்தியங்களையும் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே கமெலானைக் கேட்டு வியந்த இசையமைப்பாளர் தெபூசியின் பெயரை இசை வரலாறு மறக்கவில்லை. அன்று இசைத்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்? மேடை கிடைத்தால் மட்டும் மரியாதை கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் நமது கல்லூரி விழாவில் தப்பை எப்படி அழைப்பது? எனக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அழைப்பு. கலைஞரின் பெயருக்கே கடிதம் போக வேண்டும். அதே பெயர் அழைப்பிதழிலும் அச்சாக வேண்டும். வரவேற்பு ஊர்வலத்துக்கு மட்டும் அழைப்பதாக இருந்தால் அழைக்காமலே இருக்கலாம். நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, கூலி. ஒரு தொழிலாளி விழாவுக்கு வந்தால் தோட்டத்தில் அன்றைய பேர் போய்விடும். இழந்த நாட்சம்பளம், பயணச் செலவு, கலைக்கான சன்மானம் மூன்றையும் முன்கூட்டியே பேசி, அன்றே கையில் கொடுக்க வேண்டும். அதிதிகள் சாப்பிடும் மேசையிலேயே அவர்களுக்கும் சாப்பாடு வைக்க வேண்டும்.

மூன்றாவது, இடம். நமது மாகாணத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். அடிக்குமுன் நெருப்பில் காய்ச்சித்தான் தப்புக்கு ஓசை ஏற்றுவார்கள். ஆகவே மேடைக்கு அருகில், கூரையுள்ள திறந்த இடத்தில், நெருப்பு மூட்ட வசதி வேண்டும். தகரக் கூரை மண்டபத்துக்குள் ஐந்து தப்பு சேர்ந்து ஒலித்தால் காது அடைத்துவிடும், பிறகு சபை முகம் சுளிக்கும். விளையாட்டு மைதானத்தின் ஓரமே பொருத்தம். மைக் தேவைப்படாது. மைக், விளக்கம் சொல்பவரின் கையில் இருக்கட்டும்.

நான்காவது, விளக்கம். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அது எதற்கானது என்று கலைஞரே சொல்ல வேண்டும். அவர் பேசும் தோட்டத்துத் தமிழில் சொன்னால் இன்னும் நல்லது. எதை அடிப்பது, எதைத் தவிர்ப்பது என்ற தீர்மானமும் அவருடையதே. சாவுக்குரிய அடியை வேடிக்கைக்காகக் கேட்பது பண்பல்ல.

இதற்கு எதிராக ஒரு பலமான வாதம் இருக்கிறது. அதை மலையகத் தோழிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். 'எங்களை இழிவுபடுத்திய கருவியை நீங்கள் ஏன் திரும்பவும் எங்கள் கழுத்தில் மாட்டப் பார்க்கிறீர்கள்? நாங்கள் படித்து முன்னேற நினைக்கிறோம்' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. பிறப்பைக் காரணம் காட்டித் தப்பை எவர் கையிலும் திணிக்க எவருக்கும் உரிமை கிடையாது. வேண்டாம் என்று விலகுபவரின் முடிவும் மரியாதைக்குரியதே. ஆனால் அடிக்க விரும்புபவர் தலை நிமிர்ந்து அடிக்கவும், எந்தச் சாதியில் பிறந்தவரும் விரும்பினால் பழகவும் வழி இருக்க வேண்டும். தமிழகத்தில் அது நடந்திருக்கிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக் குழுவில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம் பெண்கள் பறை பழகி மேடையேறுகிறார்கள். மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி அரச விருது மேடைவரை போயிருக்கிறது. கருவி மாறவில்லை, அதைப் பார்க்கும் கண்தான் மாறியது.

நம் மாணவிகள் தப்படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அவரவர் குடும்பமும் மனமும் தீர்மானிக்க வேண்டிய விடயம். நம்மால் செய்யக்கூடிய வேறு காரியங்கள் இருக்கின்றன. அயல் தோட்டங்களுக்குப் போய், மூத்த கலைஞர்களிடம் ஒவ்வோர் அடியின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதலாம். அவர்களின் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். இச்சஞ்சிகையின் அடுத்த இதழில் அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் சொன்னபடியே பதிக்கலாம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் இதற்காகத் தோட்டத்துக்குப் போக அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள், ஆசிரியையோடு அனுப்பி வையுங்கள்.

அடுத்த தமிழ் மொழித் தின விழாவுக்கான ஆயத்தக் கூட்டம் கூடும்போது, தமிழ் மன்றத்தின் சார்பில் ஒரு பிரேரணை கொடுக்க இருக்கிறேன். வரவேற்புக்குத் தப்பு வேண்டாம், மாலை நிகழ்ச்சியில் இருபது நிமிடம் அதற்கு வேண்டும், கலைஞர்களின் பெயர்கள் முழுமையாக அழைப்பிதழில் வர வேண்டும் என்பதே அது. பெயர்களைப் பிழையின்றி எழுதித் தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும். இதை வாசிக்கும் தோழிகளில் யாராவது கை உயர்த்துவீர்களா?