கடலுக்கும் அனுமதிச் சீட்டா?

2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான சில வர்த்தமானி அறிவித்தல்களை நம்மவருள் எத்தனை பேர் படித்திருப்பர்? அவற்றின் மூலம் வட மாகாணத்தில் சுண்டிக்குளம், ஆதாம் பாலம், நெடுந்தீவு, மடு வீதி ஆகிய நான்கு இடங்கள் தேசியப் பூங்காக்களாயின. மடு வீதி காட்டுப் பிரதேசம். நெடுந்தீவுப் பூங்காவோ குதிரைகள் மேயும் வெளி. அவை வேறு விவகாரம். சுண்டிக்குளமும் ஆதாம் பாலமும் அப்படியல்ல. முன்னதில் 19,565 ஹெக்டேயர், பின்னதில் 18,990 ஹெக்டேயர், களப்பும் கரையும் மணற்றீடையும் ஆழங்குறைந்த கடலுமாக வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தன. பூங்கா என்றதும் பூஞ்செடியும் நிழல் மரமும் நமக்கு நினைவு வரலாம். சட்டத்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அனுமதிச் சீட்டின்றி எவரும் உள்ளே செல்லலாகாது என்பதே அதன் பொருள்.

இச்சட்டம் புதியதன்று. வெள்ளையர் ஆட்சியில், 1937ஆம் ஆண்டில், 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகப் பிறந்தது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டிலும் பெரிய திருத்தம் கண்டது. யானையையும் சிறுத்தையையும் வேட்டைக்காரனிடமிருந்து காக்கும் நோக்கத்தோடு எழுந்த சட்டம் அது. அதில் தேசியப் பூங்கா என்று ஒரு வகையும், சரணாலயம் என்று மற்றொரு வகையும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையே நமக்கு வேண்டியது. சரணாலயத்துள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை. தனியார் காணிகளும் அதற்குள் இருக்கலாம். வேட்டைக்குத் தடையுண்டேயன்றி, மக்கள் பரம்பரையாகச் செய்துவந்த தொழில்கள் தொடரும். தேசியப் பூங்காவோ, பார்க்கவும் படிக்கவும் வருவோருக்குக் கட்டணம் பெற்றுச் சீட்டு வழங்கும் இடம். வலை வீசி வயிறு வளர்ப்பவன் அந்தச் சீட்டுக்கு உரியவனல்லன். அவன் பார்வையாளனுமல்லன்; ஆராய்ச்சிக்காரனுமல்லன்.

சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டது. 77 ஆண்டுகள் அது சரணாலயமாகவே இருந்தது. அந்த 77 ஆண்டுகளில் வடமராட்சி கிழக்கு மக்கள் களப்பில் இறால் பிடித்தனர். கரையில் வலை இழுத்தனர். பூநாரைகளும் வந்துபோயின. மனிதனும் பறவையும் ஒரே நீரில் பிழைத்ததற்கு அந்த 77 ஆண்டுகளே சாட்சி. பின்னர் ஒருநாள் வர்த்தமானியில் ஒரு சொல் மாறிற்று. 'சரணாலயம்' 'தேசியப் பூங்கா' ஆயிற்று. பரப்பும் 11,149 ஹெக்டேயரிலிருந்து மேலே சொன்ன அளவுக்கு விரிந்தது. நேற்று வரை சீட்டின்றிச் சென்றவனுக்கு இன்று சீட்டு வேண்டும்; அந்தச் சீட்டையோ அவனுக்குக் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. உத்தியோகத்தர் கண்டும் காணாதவர்போல் இருக்கும் வரை அவன் தொழில் நடக்கும். அவர் மாற்றலாகிப் புதியவர் வந்தால் என்னாகும்? உரிமையாக இருந்தது தயவாகிவிட்டது என்பதையே நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

இதே சொல்மாற்றம் கிழக்கில் 12 ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. திருகோணமலையில், நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருப்பது புறாத்தீவு. நம்மவர் அதைப் புறாமலை என்பர். பெரிதும் சிறிதுமாக இரு பாறைத் தீவுகள். 1963இல் சரணாலயமாயிற்று, 2003இல், சூழவுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர் அளவில், தேசியப் பூங்காவாயிற்று. அக்கடலடியில் ஏறத்தாழ 100 இனப் பவளங்களும் 300 இன மீன்களும் பதிவாகியுள்ளன. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் பவளங்கள் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பவளங்களோ பெரும்பாலும் தப்பின. அத்தகைய செல்வத்தைக் காக்க வேண்டாமென்று சொல்பவன் அறிவிலி. ஆயினும் அங்கே நடப்பதென்ன? கட்டணம் செலுத்திய உல்லாசப் பயணி வள்ளத்தில் சென்று இறங்குகிறான். நீர் வற்றிய நேரத்தில் பவளத்தின்மேல் ஏறி நின்று படம் பிடிக்கிறான். மிதிபட்ட பவளம் மீண்டும் வளர ஆண்டுகள் பல செல்லும். சீட்டு அவன் கையில் இருப்பதால் அவன் சட்டத்துக்கு உட்பட்டவன். தலைமுறை தலைமுறையாக அதே நீரில் தூண்டில் போட்ட நிலாவெளிக்காரன் இன்று எல்லைக்குள் தூண்டில் போட்டால் குற்றவாளி. அங்கே அனுமதிச் சீட்டு பவளத்தைக் காக்கிறதா, வருமானத்தைக் காக்கிறதா என்று யாரேனும் கேட்டால் திணைக்களம் கோபிக்கக் கூடாது.

நம்மவர் மீதும் குற்றமில்லாமலில்லை. டைனமைற்று வைத்து மீனைக் கொல்லும் பாதகர் திருகோணமலைக் கடலில் இருக்கின்றனர். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை நம் கரைகளிலும் காய்கிறது. இவற்றை மூடி மறைத்துவிட்டு உரிமை பேசுவது நமக்கு அழகன்று. பாதுகாப்பு வேண்டும், அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் குண்டு வைப்பவனையும் கரைவலை இழுப்பவனையும் ஒரே கோட்டுக்கு வெளியே நிறுத்தும் சட்டம், இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. கரையில் உள்ளவன் தன்னை யாரும் நம்பவில்லை என்பதைக் கண்டுகொண்டால், குண்டு வைப்பவனைக் காட்டிக் கொடுக்க முன்வருவானா? பத்தரமுல்லைத் தலைமைக் காரியாலயத்திலிருந்து எத்தனை காவலரை அனுப்பி இந்தக் கடலைக் காவல் செய்வது?

பாக்கு நீரிணைக்கு அப்பால், மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையிலும் இவ்வாறே நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1986இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியது. தீவுகளைச் சூழ்ந்த பாறைகளில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள், தாம் என்றும் சென்ற இடத்துக்குச் செல்ல முடியாதவராயினர். தமிழரே ஆளும் மாநிலத்திலும் இது நிகழ்ந்திருக்கிறதென்பதை இங்கே சொல்லக் காரணமுண்டு. இது இன வேற்றுமையால் மட்டும் எழுந்த துன்பமன்று. வரைபடத்தில் கோடு கிழிப்பவன் கரைக்கு வராததால் எழுந்த துன்பம். ஆயின் நம் நாட்டில் அதனோடு வேறொன்றும் சேர்கிறது.

'பாஸ்' என்ற சொல் வடக்குக் கடற்றொழிலாளியின் காதில் எவ்வாறு விழும் என்பதைத் தெற்கிலுள்ளோர் அறியார். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இக்கடல் தடை வலயமாகவும் கண்காணிப்பு வலயமாகவும் கூறுபோடப்பட்டது. இன்ன நேரத்துக்குப் போ, இன்ன தூரத்துக்கு அப்பால் போகாதே, திரும்பி வந்து சீட்டைக் காட்டு என்று ஒரு தலைமுறையே வாழ்ந்தது. அத்தலைமுறை வள்ளத்தையும் வீட்டையும் இழந்து முகாமிலிருந்து திரும்பி, 2009க்குப் பின்னர் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, மறுபடியும் கடலில் வலை போடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, பறவையின் பெயரால் இன்னொரு கோடு வந்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். கோடு கிழிக்குமுன் ஒருமுறை வந்து கேட்டிருக்கலாமே!

கேட்கும் வழக்கம் இந்நாட்டில் இல்லாததன்று. இதைக் கமக்காரர் நன்கறிவர். குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் வாய்க்கால் திறப்பது என்பவற்றை அரசாங்க அதிபர் தாமே தீர்மானித்து அறிவித்துவிடுவதில்லை. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி கமக்காரர் கூட்டம் கூட்ட வேண்டும்; அங்கே எடுத்த முடிவு சட்டமாக நிற்கும். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துக்கும் கிளிநொச்சியில் இரணைமடுவுக்கும் நடப்பது இதுவே. அரச நீர்தான், ஆயினும் அதை உண்பவனைக் கேட்டே பங்கிடுகின்றனர். கூட்டத்தில் சண்டை வரும், கூச்சல் வரும், கடைமடைக்காரன் எழுந்து போய்விடுவதும் உண்டு. ஆனால் முடிவான பின்னர் களவாக மடை திறப்பவனைப் பிடிப்பவன் பெரும்பாலும் அயல்வயல்காரனே. குளத்துக்குப் பொருந்தும் நீதி களப்புக்கு ஏன் பொருந்தாது?

கரைவலைக்காரரிடமும் இத்தகைய ஒழுங்கு உண்டு. பாடு என்பது வெறும் இடமன்று. எவர் வலை எந்த நாளில் எந்தக் கரையில் வளைக்கலாம் என்ற முறையும் அதுவே. எழுதாச் சட்டமாக இருந்த இதை அரசாங்கமும் மதித்து, பாடுகளைப் பதிவுசெய்திருக்கிறது. எனவே கடலோடிகள் கட்டுப்பாட்டை அறியாதவர் என்று எவரும் சொல்ல இயலாது.

இன்னும் சொல்லப்போனால், வேண்டிய சட்டமும் கையிலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் கடற்றொழில் முகாமைப் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்யவும், அவற்றுக்குத் தொழிலாளரைக் கொண்ட குழுக்களை அமைக்கவும் இடந்தருகிறது. மீன் ஒதுக்கங்களை ஏற்படுத்தவும் அதே சட்டத்தில் வழியுண்டு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமோ, ஆட்புலக் கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடியைத் தவிர்ந்த கடற்றொழிலை மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான நிரலில் வைத்தது. இவ்வளவும் இருக்க, ஆழங்குறைந்த கரைக்கடலையும் களப்பையும் ஆள யானைக்கென எழுந்த சட்டத்தை எடுத்தது ஏன்? விடை எளிது. அச்சட்டத்தின்கீழ் எவரையும் கூட்டி உட்கார்த்த வேண்டியதில்லை; அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வந்தால் போதும்.

வர்த்தமானியின் வலிமை இருபக்கமும் வெட்டும் என்பதை மன்னார் மாவட்டம் கண்டுவிட்டது. விடத்தல்தீவில் கண்டல் காடும் கடற்புல் வெளியுமாக 29,180 ஹெக்டேயர் 2016இல் இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டது. காத்தற்குரிய இடமே, ஆவுளியா மேயும் கடல் அது. எட்டு ஆண்டுகள் சென்றன. 2024 மே மாதத்தில் வந்த மற்றொரு வர்த்தமானி, அதிலிருந்து 168 ஹெக்டேயரை விடுவித்தது. கண்டல் அழிந்துபோனதாலா? இல்லை, நீருயிரின வளர்ப்புக்காக, இறால் பண்ணைக்காக! சுற்றாடல் அமைப்புகள் வழக்காடின. உயர் நீதிமன்றம் அவ்வறிவித்தலின் செயற்பாட்டை இடைநிறுத்தியது. அந்த அமைப்புகளுக்கு நாம் நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும்: ஒற்றை வள்ளக்காரனுக்கு அசையாத கோடு, முதலாளியின் குளத்துக்காக ஒரே தாளில் அசைந்தது.

மறுபுறம், மெய்யான அழிவைச் செய்யும் இந்திய இழுவைப் படகுகள் எந்தச் சீட்டையும் கேட்டு வருவதில்லை. அடிமடி இழுவையை நம் நாடாளுமன்றம் 2017இல் சட்டப்படி தடைசெய்தது. இரவில் அம்மடிகள் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது பூங்காவின் எல்லைக் கற்கள் என்ன செய்யும்? இதை எழுதுவது அயல்நாட்டுத் தமிழ்த் தொழிலாளியோடு பகை வளர்க்கவன்று. பாதுகாப்பின் கை யார்மேல் எளிதாக விழுகிறது என்பதைக் காட்டவே எழுதுகிறோம்.

இனி, நாம் கேட்பதென்ன? பூங்காக்களைக் கலைத்துவிடு என்று கேட்கவில்லை. பூங்காவின் நடுவில் மீனும் பறவையும் பெருகும் பகுதியை எவரும் தொடாமல் விடுவதற்குக் கடற்றொழிலாளரே உடன்படுவர். உடன்படும் பகுதி எது என்பதை அவர்களோடு இருந்து பேசித்தான் அறிய முடியும். மற்றப் பகுதியில், பரம்பரையாகத் தொழில் செய்த குடும்பங்களைக் கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் ஒருமுறை பதிவுசெய்து, அப்பதிவையே அவர்களின் அனுமதியாக ஏற்க வேண்டும். நாள்தோறும் ஒரு மேசையின் முன்னால் நின்று சீட்டு வாங்கும் நிலை வரலாகாது. கட்டணமும் கூடாது. எந்த வலை, எந்தப் பருவம் என்பதைச் சோளகத்துக்கு ஒருமுறையும் வாடைக்கு ஒருமுறையும் சங்கமும் திணைக்களமும் கூடித் தீர்மானிக்கட்டும். பார்வையாளரின் சீட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தக் கரையின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சேரட்டும். இவையெல்லாம் நடக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருவது நம் நாடாளுமன்ற உறுப்பினரின் பொறுப்பு. இதுவரை அவர்கள் காணிக்காகப் பேசியதில் பத்திலொரு பங்கும் கடலுக்காகப் பேசியதில்லை.

திருத்தம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியதொன்றும் உண்டு. தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி. ஆயினும் வர்த்தமானியில் எல்லை பாகைக் கணக்கிலும் நில அளவைக் குறியிலும் எழுதப்பட்டிருக்கிறது. 'இன்ன தென்னந்தோப்புக்கு நேரே, இன்ன முனைக்கு வடக்கே' என்று அறிந்தவனுக்கு அது எந்த மொழியில் இருந்தாலும் விளங்காது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் குறைவின்றி இருக்கின்றனர். அவர்களுள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணி நேரத்தை இதற்குத் தந்து, அந்த எல்லைகளை ஊர்ப் பெயர்களோடு ஒரு வரைபடமாக எழுதி, சுண்டிக்குளத்திலும் தலைமன்னாரிலும் நிலாவெளியிலும் சங்கக் கட்டடங்களின் சுவரில் ஒட்டிக் கொடுக்கட்டும். தன் கடலில் எங்கே கோடு ஓடுகிறதென்று அறிந்தபின் கடலோடி கூட்டத்துக்கு வருவான். என்ன கேட்பதென்றும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.