இதயத்துக்கு ஒத்தைக் கம்பி போதுமாம்!

1957-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் டாக்டர் லில்லிஹை, அறுவை சிகிச்சைக்குப் பின் துடிப்பு தடைபட்ட குழந்தைகளின் இதயத் தசையில் கம்பி செருகி மின்தூண்டல் கொடுத்தார். பெரிய சாதனை, மறுப்பில்லை.

ஆனால் இன்றும் பெரும்பாலும் அதே வழக்கம்தான். மார்பை மூடுமுன் வலது கீழறையில் கம்பி, வெளியே தற்காலிக பேஸ்மேக்கர். நல்ல இதயமோ நொந்த இதயமோ, எல்லாருக்கும் ஒரே அளவு சட்டை!

வலதை மட்டும் தூண்டினால் இடது கீழறை பிந்திச் சுருங்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டை மட்டும் விரட்டுகிற கதை. செயலிழந்த இதயம் இதைத் தாங்குமா?

நிரந்தரக் கருவி விஷயத்தில் விடை எப்போதோ வந்துவிட்டது. 2002-ன் 'டேவிட்' ஆய்வில் வலது கீழறையை அதிகம் தூண்டிய குழுவே மோசமானது. 2005-ன் 'கேர்-எச்எஃப்' ஆய்வில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். இரு கீழறைகளும் சேர்த்துத் தூண்டப்பட்டவர்களில் 20 சதவீதம்.

அந்தக் கருவிக்கு இடது கீழறையை எட்ட, சிரை வழியே தேடிப் போக வேண்டும். அறுவை மேசையிலோ அது கண்ணெதிரே கிடக்கிறது! இன்னொரு கம்பி தைத்தால் என்ன?

"சில நாள் விஷயம்தானே, உயிர் காக்கும் என்று நிரூபணம் எங்கே?" என்பார்கள். நியாயமான கேள்வி. சிறு ஆய்வுகள் ரத்த ஓட்டம் கூடுவதைத்தான் காட்டின. கம்பியை உருவும்போது ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. ஆனால் நோயாளி கரையேறுவாரா என்று தீர்மானிப்பதே அந்தச் சில நாள்தானே?

எல்லாருக்கும் வேண்டாம். இடது கீழறை பிந்தித் துடிக்கிற நொந்த இதயங்களுக்காவது வையுங்கள். தானாகத் துடிக்கிற கீழறையை வீணாகத் தூண்டாமலாவது விடுங்கள். அதற்குப் பைசா செலவில்லையே!