அறுபது அலகுக்குள் ஒரு வீடு

கிளிநொச்சியில் என் அக்கா வீட்டில் இரண்டு மின்விசிறிகள் உண்டு. போர்க்காலத்தில் குப்பி விளக்கில் படித்தவர்கள் நாங்கள். அன்று பனையோலை விசிறிதான் காற்று. இன்று மின்சாரம் இருக்கிறது. ஆனாலும் பட்டியல் வந்த நாளிலிருந்து அக்கா நடுச்சாமத்தில் எழும்பி ஆளியை நிறுத்துகிறார்.

2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பாய்ந்து ஏறியது. பிறகு இறங்கியும் ஏறியும் வந்தது. ஏழை வீட்டுக்கு முக்கியமானது 60 அலகு என்ற எல்லை. மாதப் பாவனை அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை.

சாதாரண கூரை மின்விசிறிக்கு ஏறத்தாழ 75 வாட் தேவை. இரண்டும் தினம் 10 மணித்தியாலம் முழு வேகத்தில் சுழன்றால் மாதம் 45 அலகு. பிஎல்டிசி மோட்டார் உள்ளவை 30 வாட் அளவில் ஓடும். அவற்றுக்கு 18 அலகு போதும். மிச்சம் 27 அலகு. பல வீடுகள் எல்லைக்குள் நிற்க அதுவே காணும்.

மின்விசிறி அறையைக் குளிராக்காது, வியர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் சுழல்வது வீண்செலவு. தகரக் கூரையின் கீழ் அது சூட்டுக் காற்றையே தள்ளும்.

சிக்கன விசிறியின் விலை கூட. அதனால் மலிவானதை வாங்கும் குடும்பமே மாதாமாதம் கூடுதலாகக் கட்டுகிறது. மீள்குடியேறியோருக்கான வீட்டுத்திட்டங்கள் சுவரோடும் கூரையோடும் முடிந்துவிடக் கூடாது. வெப்பம் தடுக்கும் உட்கூரையும் இரண்டு சிக்கன விசிறிகளும் அந்தத் திட்டச் செலவிலேயே சேர வேண்டும். அக்கா விடியும்வரை நித்திரை கொள்ளட்டும்.