உருட்டினால் முளைக்குமா?

பெரியம்மா வீட்டுக் குளியலறையில் பல் பிரஷ்கள் இருக்கும் குவளையிலேயே அதுவும் செருகியிருந்தது. சின்னக் கைப்பிடி, நுனியில் உருளை, உருளை முழுக்க ஊசி. டெர்மா ரோலர். தம்பிக்கு 26 வயது. முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. தினமும் ராத்திரி மண்டையில் அதை உருட்டி, மேலே சின்ன வெங்காயச் சாறு பூசிக்கொள்கிறான். “பொடி ஊசிதானே அண்ணா, ஒண்ணும் ஆகாது. ஓட்டை விழுந்தா சத்து நேரா வேருக்கு இறங்கிடும்” என்றான். ஜிம்மிலும் சலூனிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

இவர்கள் நீட்டும் ஆதாரம், 2013இல் வெளியான மும்பை ஆய்வு. வழுக்கை விழத் தொடங்கிய ஆண்கள் 100 பேர், 12 வாரம். உருளை பட்டவர்களுக்குக் குறித்த சிறு பரப்பில் சராசரியாக 91 முடி கூடியது, மற்றவர்களுக்கு 22. பிரமாதம்தான். ஆனால் இரு பிரிவினருமே 5 சதவீத மினாக்ஸிடில் என்ற முடி வளர்ப்பு மருந்தைத் தடவியவர்கள். வெறும் உருளையை மட்டும் நம்பிய பிரிவு என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. வெங்காயமும் கிடையாது. உருட்டியது வாரத்துக்கு ஒருமுறை. முக்கியமான சங்கதி, உருட்டிய அன்று மினாக்ஸிடிலைத் தொடவே விடவில்லை. 24 மணி நேரம் கழித்துத்தான். அதாவது, திறந்த ஓட்டை வழியாக மருந்தை இறக்க அந்த மருத்துவர்கள் முயலவே இல்லை. காயம் ஆறும்போது உடம்பு சுரப்பவை முடி வேரைத் தூண்டுமா என்பதே அவர்கள் கேள்வி. மருந்து உள்ளே இறங்கினால் ஆபத்து வேறு: மினாக்ஸிடில் பிறந்ததே ரத்தக் கொதிப்பு மாத்திரையாக. ரத்தத்தில் அதிகம் கலந்தால் அது தன் பழைய வேலையைக் காட்டும். நம் ஆட்களோ அதே ஆய்வை ‘ஓட்டை போட்டால் இறங்கும்’ என்பதற்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்!

இறங்குவது உண்மைதான். அதுதான் பயமே. தோலின் காவல் அடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒன்றரை மில்லிமீட்டர் ஊசி அதைத் தாண்டி ரத்தம் ஓடும் இடத்துக்கே போய்விடுகிறது. அங்கே போவது பூச்சு அல்ல, ஊசி மருந்து. ரசம் உடம்புக்கு நல்லதுதான். அதற்காக யாரும் நரம்பில் ஏற்றிக்கொள்வதில்லை. உருட்டும்போது தடவிய அழகுப் பூச்சு உள்ளே புகுந்து 3 பெண்களின் முகத்தில் கட்டிகள் கிளம்பியதை அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 2014இல் பதிவு செய்தார்கள்.

நுண்ணூசியை நான் பழிக்கவில்லை. பரு வடுவுக்குத் தோல் மருத்துவர் கையில் அது நல்ல கருவி. காம்பியாவில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை நுண்ணூசிப் பட்டையாக மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. கரைந்துபோகும் ஊசி, அளந்த மருந்து, ஒருமுறை ஒட்டினால் குப்பைக்கு. அதையும் முதலில் பெரியவர்களுக்கு ஒட்டிப் பார்த்த பிறகே 9 மாதக் குழந்தையிடம் போனார்கள். அவ்வளவு பயம் அவர்களுக்கு, இத்தனைக்கும் பொடி ஊசிதான்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ அழகு நிலையம் ஒன்றில், சொந்த ரத்தத்தை எடுத்து நுண்ணூசியால் முகத்தில் ஏற்றும் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018இல் அந்தக் கடையை மூடினார்கள். இதைத் தம்பியிடம் சொன்னேன். “அது ரத்தம் அண்ணா, இது வெங்காயம்” என்று சிரித்தான்.

உருளையை எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

“போன தீபாவளிக்கு. இப்ப அப்பாவும் அதைத்தான் உருட்டுறாரு.”