எழிலி என்றால் மேகம்

தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தால், பெயரைப் பற்றிய பேச்சு தொலைபேசியிலேயே தொடங்கிவிடுகிறது. "பேத்திக்கு எழிலி என்று பெயர் வையுங்களேன்" என்கிறார் ஊரிலிருக்கும் பாட்டி. "அந்த ழகரம் இங்கே யார் வாயிலும் நுழையாது அம்மா. சின்னதாக வேறு ஏதாவது சொல்லுங்கள்" என்கிறார் மகன். பல வீடுகளில் முடிவு ஒன்றுதான். இணையப் பட்டியலில் கிடைத்த ஈரெழுத்துப் பெயர் ஒன்று தொட்டிலுக்கு வந்து சேர்கிறது. பனித்துளி என்றோ முதல் மழை என்றோ அதற்குப் பொருள் எழுதப்பட்டிருக்கும். எந்த மொழியில் அப்பொருள் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

இயற்கையை ஒட்டிப் பெயரிடும் விருப்பம் இன்று தோன்றிய புதுமையன்று. மலை, காடு, வயல், கடற்கரை ஆகிய நிலங்களையே அங்கங்கு வளரும் மரம், செடி, கொடிகளின் பெயரால் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என அழைத்தவர்கள் பழந்தமிழர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியுள்ளார். சிலப்பதிகாரத்து மாதவியின் பெயர் குருக்கத்திக் கொடிக்கும் உரியது. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் வந்த திராவிட இயக்கமும் மலர்விழி, கயல்விழி, பூங்கொடி போன்ற பெயர்களை வீடுதோறும் பரப்பின. ஆகவே, இன்றைய பெற்றோர் நிலா, அருவி, தென்றல் என்று தேடுவது மகிழ்ச்சிக்குரியதே. குறை தேடலில் இல்லை. பாதி வழியில் தேடலைக் கைவிடுவதில்தான் உள்ளது.

பிற மாநிலத்தில் வளரும் குழந்தைக்கு இயற்கைப் பெயரால் ஒரு தனி நன்மை உண்டு. அதன் பொருளை எந்த மொழியிலும் எளிதாகச் சொல்லிவிடலாம். முல்லை என்னும் சிறுமி புனே நகர வகுப்பறையில் ஜூயி என்னும் மராத்தியச் சிறுமியின் அருகில் அமரலாம். ஜூயியும் மல்லிகை இனத்துப் பூவே. இந்தியில் அது ஜூஹி. வங்காளத்துச் சியூலி நம் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும். இச்சிறுமியர் மூவரும் தம் பெயர்களின் பொருளைச் சொல்லிக்கொண்டால், ஒரு தோட்டமே அங்குக் கூடிவிடும். பொருள் தெரியாத பெயரைச் சுமப்பவளுக்கு இந்த உரையாடலில் சொல்ல ஒன்றுமிராது.

இனி, ழகரத்துக்கு வருவோம். தந்தையின் அச்சத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எழிலி என்பது ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டதும் எஜிலி ஆகிறது; இந்தியில் எலிலி ஆகிறது. தேவநாகரியில் ழகரத்தைக் குறிக்கப் புள்ளியிட்ட எழுத்து ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் அதைக் காண்பதுதான் அரிது. ஒரு சான்றிதழில் ஒரு வகையாகவும் மற்றொன்றில் வேறு வகையாகவும் பெயர் பதிவாகிவிட்டால், பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். பிறப்புப் பதிவின்போதே எழுத்துக்கூட்டலை உறுதிசெய்து, எல்லா ஆவணங்களிலும் அதையே பின்பற்றினால் இத்தொல்லை பெரிதும் குறையும். ஒலிப்பைப் பொறுத்தவரை அவ்வளவு கவலை வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுமி தன் பஞ்சாபித் தோழியின் பெயரையும் மிசோ தோழியின் பெயரையும் முயன்று கற்றுக்கொள்கிறாள். அவர்களும் அவள் பெயருக்காக அதே முயற்சியை மேற்கொள்ளலாம் அல்லவா? முதல் வாரம் தடுமாறும் நாக்கு மாத இறுதியில் பழகிவிடும். ழகரமே வேண்டாம் என்போருக்கும் அல்லி, தாமரை, வானதி, கயல், குறிஞ்சி என்று தமிழில் பஞ்சமில்லை.

பொருளைச் சரிபார்ப்பதும் முதன்மையானது. எழிலி என்பதை எழில் உடையவள் என்றே பலர் கருதுகின்றனர். தமிழிலக்கியத்தில் எழிலி என்றால் மேகம். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் இச்சொல் அப்பொருளில் வருகிறது. கடலிலிருந்து நீரை எடுத்து, கடலுக்கே திருப்பித் தரும் மேகத்தின் பெயரைச் சூட்டிவிட்டு, "அழகானவள்" என்று மட்டும் சொல்லி வளர்ப்பது அக்குழந்தைக்குச் சேர வேண்டியதைக் குறைத்துக் கொடுப்பதாகும்.

பெண் குழந்தைக்கு இயற்கைப் பெயர் என்றவுடன் பூவும் கொடியும் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மகனுக்குக் கதிரவன்; மகளுக்குப் பூங்கொடி. கொடி அழகியதுதான். ஆயினும், பற்றிப் படர ஒரு கொம்பு அதற்கு வேண்டும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையிலும் போற்றப்படுபவன் தேரைத் தந்த வள்ளலே. பூப்பெயர்களை விலக்க வேண்டும் என்பதில்லை. பூக்களுக்கும் மென்மையைத் தவிர வேறு இயல்புகள் உண்டு என்பதை மறக்கலாகாது. விரலுக்கு உவமையாகப் புலவர்கள் பாடிய காந்தளின் கிழங்கு நஞ்சுடையது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகள் காத்திருந்து மலைமுழுதும் ஒருசேரப் பூக்கிறது. 2018ஆம் ஆண்டு மூணாறு மலைகளில் அது பூத்தது. அவ்வாண்டு பிறந்து குறிஞ்சி என்று பெயர் பெற்ற சிறுமி, 2030இல் தன் பெயரைப் பன்னிரண்டு வயதில் நேரில் காணலாம். அவளை அங்கே அழைத்துச் செல்வது பெயரிட்டவர்களின் கடன். பூக்களுக்கு அப்பால் அருவி உண்டு, பொன்னி உண்டு, மின்னல் உண்டு. மின்னல் என்று மகளுக்குப் பெயர் வைக்கத் துணிவோர் இன்னும் சிலரே. அப்பெயரை ஒலிக்க எந்த மாநிலத்தாருக்கும் இடரில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொலைபேசியில் பாட்டி கேட்ட பெயரையே எடுத்துக்கொள்வோம். மும்பையில் சூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். வானம் இருண்டு வருகிறது. "உன் பெயருக்கு என்ன பொருள்?" என்று பக்கத்து இருக்கைத் தோழி கேட்கிறாள். எழிலி சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினால் போதும்.