‘மின் ஒழுக்கு’ என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

லயத்தில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வரும் என்பதை நம்மவர்கள் படிக்காமலே சொல்லிவிடுவார்கள். இத்தனை காம்பராக்கள் எரிந்தன. இத்தனை குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டுள்ளன. தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் நிவாரணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். பொலிஸார் விசாரணை நடத்துகிறார்கள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மின் ஒழுக்கே தீக்குக் காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது.

அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. பாயும் உலருணவுப் பொதியும் வருகின்றன. பிள்ளைகளின் பாடப்புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம், சீட்டுக் கட்டிச் சேர்த்த நகை எல்லாம் சாம்பலாகிப் போன குடும்பம் அடுத்த மாதமே கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறது. அந்த வயரை யார் இழுத்தார், என்ன தகுதியோடு இழுத்தார், யார் சோதித்துக் கையெழுத்து வைத்தார் என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

மின்னல் வானத்திலிருந்து விழுகிறது. மின் ஒழுக்கு அப்படி விழுவதில்லை. யாரோ ஒருவர் செய்த வேலையில் அல்லது செய்யாமல் விட்ட வேலையில் இருந்துதான் அது வருகிறது. நம் பேச்சில் ‘மின் ஒழுக்கு’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பொறுப்பு யாருடையது என்பது தெரியும்.

முதலாவது, லைவ் வயரும் நியூட்ரல் வயரும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. இரண்டாவது, வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் இழுப்பது. இந்த இரண்டையும் தடுக்கத்தான் எம்.சி.பி. என்ற சிறு சுவிட்சுகள் இருக்கின்றன. மூன்றாவது, மின்சாரம் வயரை விட்டுக் கசிந்து ஈரச் சுவரிலோ கூரைத் தகரத்திலோ மனித உடலிலோ பாய்வது. இதைப் பிடிப்பது நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வது. வீடுகளுக்கு உரிய ட்ரிப் சுவிட்ச், 30 மில்லி அம்பியர் என்ற மிகச் சிறிய கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும். நான்காவது, இளகிய மூட்டு. முறுக்கி டேப் சுற்றிவிட்ட இடம் நாளாக ஆகச் சூடேறிக் கருகும். இதை எம்.சி.பி.யும் பிடிக்காது, ட்ரிப் சுவிட்சும் பிடிக்காது. வேலை தெரிந்தவரின் கை மட்டுமே இதைத் தடுக்கும்.

ஆகவே ‘மின் ஒழுக்கு’ என்று எழுதுகிற அதிகாரி அடுத்த வரியையும் எழுத வேண்டும். அந்தக் காம்பராவில் எம்.சி.பி. இருந்ததா? ட்ரிப் சுவிட்ச் இருந்ததா, வேலை செய்ததா? எர்த் இருந்ததா? மூட்டுகள் எப்படிப் போடப்பட்டிருந்தன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத அறிக்கையை விசாரணை அறிக்கை என்று எப்படி ஏற்பது?

லயங்களின் நிலைமை நமக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எண்ணெய் விளக்கை நம்பிக் கட்டப்பட்ட வரிசைகள் அவை. மின்சாரம் பின்னால் வந்தது. ஒரு குமிழுக்காக இழுத்த வயரிலேயே பிறகு வானொலி, தொலைக்காட்சி, குளிரூட்டி என்று ஒவ்வொன்றாக ஏறின. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 2,000 வொட்ஸ் கேத்தல், 1,000 வொட்ஸ் அயன், 700 வொட்ஸ் ரைஸ் குக்கர் மூன்றும் காலை ஐந்து மணிக்கு ஒன்றாக ஓடினால் சுமார் 16 அம்பியர் இழுக்கும். குமிழுக்குப் போடும் 1 சதுர மில்லிமீற்றர் வயர் அதைத் தாங்காது. பியூஸ் கட்டையில் உரிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தால் பியூஸ் எரியாது, வயர் எரியும். அந்த வயர் விறகுப் புகை படிந்த மரச் சட்டத்தின் மேல் கிடக்கிறது. காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் கூரை வரை போவதில்லை. அதனால்தான் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு வரிசையையே தின்றுவிடுகிறது.

இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். தங்கள் பொறுப்பு மீற்றரோடு முடிகிறது என்கிறார்கள் மின்சாரம் வழங்குபவர்கள். குடியிருப்பவர்கள் தாங்களாகவே வயர் இழுத்துக்கொண்டார்கள் என்கிறது நிர்வாகம். ஆனால் லயத்தின் சுவரும் கூரையும் தொழிலாளிக்குச் சொந்தமானவை அல்ல. ஓர் ஆணியை அறைவதற்கும் ஓர் அறையை நீட்டுவதற்கும் துரையின் அனுமதி கேட்கும் இடத்தில், வயரிங் மட்டும் எப்படித் தொழிலாளியின் சொந்த விவகாரமாகும்?

இதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். அதற்கு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பரிசோதகர் உள்ளே வந்து பார்க்கும் அதிகாரம் இருக்கிறது. கொழுந்தை அரைக்கும் ரோலரின் மோட்டாருக்கு உள்ள பாதுகாப்பு, அந்தக் கொழுந்தைப் பறித்தவள் இரவில் உறங்கும் காம்பராவுக்கு இல்லை.

புதிய வீடுகள் வரும்போது இந்தக் கதை மாறும் என்று நம்பியிருக்கிறோம். இந்திய உதவியில் மலையகத்தில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது நம் மக்கள் நீண்ட காலம் போராடிப் பெற்ற கோரிக்கை. ஆனால் தனி வீட்டுக்குள்ளும் பழைய லயத்து வயரிங்கே வந்து குடியேறுமானால் சுவர் மட்டும்தான் புதிது. கொந்தராத்துக்காரர் மேசன் வேலையில் மிச்சம் பிடிக்க முடியாது. சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். வயரிங்கில் மிச்சம் பிடிக்கலாம். பூச்சு பூசிய பிறகு யாருக்குத் தெரியப் போகிறது?

வயரிங் வேலைக்கு விதி இல்லாமல் இல்லை. இலங்கையில் மின் பொறியியலாளர்கள் பின்பற்றுவது பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய வயரிங் ஒழுங்குவிதிகளை. நாட்டின் தர நியமமாக உள்ள பிளக், சதுரக் கால் மூன்று கொண்ட 13 அம்பியர் பிளக். இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, என்.வி.கியூ. தகுதி பெற்ற மின் பணியாளர்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் முறையை முன்னெடுத்து வருகிறது. ஆகவே ‘எங்கள் வயரிங் பாஸுக்கு இருபது வருட அனுபவம்’ என்று கொந்தராத்துக்காரர் சொன்னால், ‘நல்லது, அவருடைய பத்திரத்தையும் காட்டுங்கள்’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வீட்டுக்காரர்கள் தாங்களே பார்க்கக்கூடியவையும் பல இருக்கின்றன. பூச்சு பூசும் முன் சுவரைப் பாருங்கள்: வயர் குழாய்க்குள் போகிறதா, வெறுமனே மண்ணோடு பதிக்கப்படுகிறதா? பிளக்குகளுக்குப் போகும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்கும் வயர்தானா? பிளக்குக்கு மூன்று வயர் போகிறதா, இரண்டுதானா? மூன்றாவது வயர்தான் எர்த். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த வயர் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பி வரை தொடர்ந்து போக வேண்டும். எர்த் துளையில் எதுவும் இணைக்கப்படாத 13 அம்பியர் பிளக்கை வெளியே இருந்து பார்த்தால் நல்ல பிளக்கைப் போலவே இருக்கும்.

கண்ணால் பார்க்க முடியாததைக் கருவி பார்க்கும். வேலை முடிந்ததும் எர்த் தொடர்ச்சி, வயர்களுக்கு இடையிலான காப்புத் தடை, லைவ் வயர் சுவிட்சின் வழியாகத்தான் போகிறதா என்பது, எர்த் கம்பியின் தடை, ட்ரிப் சுவிட்ச் உரிய நேரத்தில் துண்டிக்கிறதா என்பது எல்லாம் அளக்கப்பட வேண்டும். காப்புத் தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. இந்த அளவுகளை எழுதிக் கையெழுத்திட்ட தாள்தான் சோதனை அறிக்கை. வீட்டுத் திறப்பு விழாவில் சாவியோடு சேர்த்து அந்தத் தாளின் பிரதியையும் வாங்குங்கள். குமிழ் எரிகிறது என்பது வயரிங் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. தப்பான வயரிங்கிலும் குமிழ் எரியும்.

கோரிக்கை வைக்கும் நாம், நம் கையில் உள்ளதையும் செய்வோம். ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கும் பழக்கம் தோட்டங்களில் பரவியிருக்கிறது. ட்ரிப் விழுவது, எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அது நமக்குச் சொல்லும் செய்தி. சொன்னவனை அடித்து விரட்டாமல் கசிவைத் தேட வேண்டும். மாதம் ஒரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும். கூரைத் தகரத்தில் கம்பி கட்டி ஈரத் துணி காயப் போடாதீர்கள். தகரத்தில் ஒரு வயர் உரசினால் கொடி முழுவதும் உயிரைக் குடிக்கும். மாரியம்மன் திருவிழாச் சோடனைக்குப் பிரதான வயரில் கொக்கி போடும் வேலை வேண்டாம். கோயில் கமிட்டி முறையான இணைப்பைக் கேட்டு வாங்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றும் முன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள்.

பக்கத்துக் காம்பராவுக்கு லைன் கொடுப்பவர்களை நாம் குற்றஞ்சாட்டவில்லை. மணமுடித்த மகனுக்குத் தனிக் காம்பரா கிடையாது, தனி மீற்றர் கிடையாது. இருட்டில் படிக்கும் பேரப்பிள்ளைக்கு ஒரு குமிழ் கொடுத்த தாத்தாவைச் சட்டம் பிடிக்கலாம். அவரை அந்த நிலைக்குத் தள்ளிய வீட்டுப் பிரச்சினையை யார் பிடிப்பது? முறையான இணைப்பு எல்லாக் குடும்பத்துக்கும் கிடைக்கும்போதுதான் முறையற்ற இணைப்பு மறையும்.

எனவே பெருந்தோட்டக் கம்பனிகளிடமும் அரசாங்கத்திடமும் நாம் கேட்பவை இவை:

1. தகுதி பெற்ற மின் பணியாளரைக் கொண்டு ஒவ்வொரு லயத்தின் வயரிங்கும் கம்பனியின் செலவில் சோதிக்கப்பட வேண்டும். ஆபத்தானவை உடனே மாற்றப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு மீற்றருக்கும் ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் இருக்க வேண்டும். பிள்ளை மடுவம், கொழுந்து மடுவம், வைத்திய நிலையம் ஆகியவையும் இதில் அடங்க வேண்டும்.

3. புதிய வீட்டுத் திட்டங்களில் சோதனை அறிக்கையை வீட்டுக்காரரிடம் கொடுக்கும் வரை கொந்தராத்துக்காரருக்குக் கடைசித் தவணைப் பணம் விடுவிக்கப்படக் கூடாது.

4. லயத்தீ பற்றிய ஒவ்வொரு விசாரணையிலும் மின் பொறியியலாளர் ஒருவரின் அறிக்கை பெறப்பட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் வழங்கப்பட வேண்டும்.

5. தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கு மின் பணியில் என்.வி.கியூ. பயிற்சி தமிழ் மொழியில், அவர்கள் போய்வரக்கூடிய தூரத்தில் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கையைச் சிறியதாக நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். நம் வீடுகளுக்கு வயர் இழுக்க வெளியிலிருந்து ஆள் வருகிறது. வந்தவர் வேலை முடித்துப் போய்விடுவார். வயரிங்கோடு வாழப் போகிறவர்கள் நாம். நம் தோட்டத்துப் பிள்ளை பத்திரத்தோடு அந்த வேலையைச் செய்தால், கூலி நம் வீட்டில் தங்கும். பிழை வந்தால் கேட்கவும் ஆள் இருக்கும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, தலைவிமாரே! அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். எத்தனை காம்பராக்களில் ட்ரிப் சுவிட்ச் இல்லை, எத்தனை மீற்றருக்கு எர்த் இல்லை, எந்தக் கூரையில் வயர் கருகியிருக்கிறது என்று வரிசை வரிசையாக எழுதிப் பட்டியல் தயாரியுங்கள். ஒரு பிரதியைத் துரையிடம் கொடுத்துத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தத் தாள் நம் கையில் இருக்கும் வரை, ‘எங்களுக்குத் தெரியாது’ என்று இனி எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.