வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காணி பங்கிடும் கூட்டங்களில் எழும் முதற் கேள்வி, எத்தனை வீடு என்பதே. கூரைத் தகடு, கிணறு, நிவாரணம் பற்றிய கேள்விகள் அடுத்து வரும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே எத்தனை அடி விடப்போகிறார்கள் என்று கேட்போர் அரிது. ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் நம் உயிரையும் உடைமையையும் காப்பது அந்த அடிக்கணக்குத்தான்.

கச்சான் எப்படிப்பட்ட காற்று என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, வெப்பமாக நம் பக்கம் இறங்குகிறது. கிடுகும் காவோலையும் இலுக்கும் அதில் காய்ந்து சருகாகின்றன. அடுப்புத் தணல் ஒன்று பறந்தாற் போதும், ஒரு கூரை பற்றிக்கொள்ளும். எரியும் ஓலைத் துண்டு காற்றில் எழுந்து அடுத்த கூரையில் விழும். இடையே கிடுகு வேலி இருந்தால் அது விளக்குத்திரி போல நெருப்பை வாசலுக்கு வாசல் கொண்டுசெல்லும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் வாவியைக் கடப்பது இலகுவாயிற்று என்பது உண்மை. ஆனாலும் பட்டினத்துத் தீயணைப்பு வண்டி படுவான்கரையின் உட்கிராமத்தை அடையுமுன் ஓலைவீடு சாம்பலாகிவிடும்.

அந்தச் சாம்பலில் கூரை மட்டுமா போகிறது? விதைநெல் போகிறது. அடையாள அட்டை போகிறது. விட்டுவந்த வயலின் உறுதியும் அனுமதிப்பத்திரமும் போகின்றன. ஊர் திரும்பும் உரிமைக்கு அந்தக் கடதாசியே சாட்சி. ஆகவே நமக்குத் தீ என்பது இரண்டாவது இடப்பெயர்வு.

நெருக்கம் என்ன செய்யும் என்பதற்குப் பங்களாதேசத்தின் கொக்ஸ் பஜார் முகாம்கள் சாட்சி. 2021 மார்ச் 22 இல் அங்கு மூண்ட தீயில் குறைந்தது 15 பேர் மாண்டனர். ஏறத்தாழ 45,000 ரோஹிங்கியா மக்கள் தங்கள் குடில்களை இழந்தனர். முகாமைச் சுற்றியிருந்த முட்கம்பி வேலி தப்பியோடியவர்களை மறித்தது. நம் நாட்டிலும் 2022 செப்டெம்பரில் கொழும்பு தொட்டலங்க, கஜீமாவத்தைக் குடியிருப்பில் ஒரே இரவில் பல வீடுகள் எரிந்தன.

'ஒவ்வொருவரும் கவனமாக இருந்தால் போதும்' என்று சிலர் சொல்வர். கவனம் வேண்டியதுதான். குப்பி விளக்கு சரிந்து எரிகாயமுற்றோரைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, திருகுமூடியுள்ள பாதுகாப்பான விளக்கை உருவாக்கிப் பரப்பினார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். விளக்கை மாற்ற ஒரு குடும்பத்தால் முடியும். இடைவெளியை உண்டாக்க ஒரு குடும்பத்தால் முடியாது. அது ஊர் கூடிக் கேட்டுப் பெறவேண்டியது.

எவ்வளவு கேட்பது? 1997 இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொடங்கிய ஸ்பியர் திட்டம் தற்காலிகக் குடியிருப்புக்கு அளவு வகுத்துள்ளது. ஆளுக்கு 45 சதுர மீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 225 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 9 பேர்ச். வீதியும் கிணறும் மலசலகூடமும் இதற்குள் அடங்கும். இக்கணக்கின்படி ஓர் ஏக்கரில் 18 குடும்பங்களே இருக்கலாம். வீடுகளுக்கிடையே குறைந்தது 2 மீற்றர், இயன்றால் வீட்டின் உயரத்தைப் போல் இருமடங்கு விடவேண்டும். வீடுகள் தொடரும் 300 மீற்றருக்கு ஒருமுறை 30 மீற்றர் அகலத் தீத்தடுப்பு வெளியும் வேண்டும். மாடும் வைக்கோலும் உள்ள நமக்கு இதைவிடக் கூடுதலாகவே தேவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'நெருக்கம் ஆபத்து' என்ற சொல், பிந்திவரும் குடும்பத்தின் முகத்தில் படலையைச் சாத்தும் சாட்டாகிவிடக் கூடாது. நேற்று வந்தவர் இன்று வருபவரைத் தடுப்பது நீதியல்ல. குடும்பங்களைக் குறைக்கும்படி கேளாமல், காணியைக் கூட்டும்படி கேட்போம். அரச காணி அளந்து கொடுப்பது சாத்தியமான விடயமே.

பாதுகாப்பின் பெயரால் மேலிருந்து வரும் கட்டளையும் ஏழையையே முதலில் வருத்தும். ஆழிப்பேரலைக்குப் பின் 2005 இல் அரசு, வடக்குக் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்கும் மற்றக் கரைகளில் 100 மீற்றருக்கும் வீடு கட்டத் தடை விதித்தது. கரையில் வாழ்ந்தவர்களைக் கேளாமல் போட்ட கோடு அது. மாற்றுக் காணி கிடைக்காமல் மக்கள் தற்காலிகக் கொட்டில்களில் காத்திருந்தனர். அந்த ஆண்டின் இறுதியில் அரசே தடையைத் தளர்த்தியது. இடப்பெயர்வு தொடர்பான ஐக்கிய நாடுகளின் 1998 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், குடியமர்வைத் திட்டமிடுவதில் பாதிக்கப்பட்டோரை, சிறப்பாகப் பெண்களை, ஈடுபடுத்த முயலுமாறு அதிகாரிகளைக் கேட்கின்றன. அடுப்பின் இடமும் காற்றின் திசையும் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறெவருக்குத் தெரியும்?

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் பின்வருவனவற்றைச் செய்யலாம். முதலாவதாக, முளை அடிக்குமுன் வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும். முளை அடித்தபின் மாற்றுவது கடினம். இரண்டாவதாக, இடைவெளிக் கோரிக்கையை எழுத்தில் பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் கொடுத்துப் பிரதியை வைத்திருக்கவேண்டும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், சபையின் குழுக்களில் ஊர்வாசிகளையும் சேர்க்க இடமளிக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து அதிகாரிகளின் கையிலிருந்த சபைகளுக்கு 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இதைக் கேட்பது நம் உரிமை. மூன்றாவதாக, பெற்ற வெளியைக் காக்கவேண்டும். அதில் கொட்டிலோ வைக்கோற் போரோ வைக்க எவரையும், சங்கத் தலைவரையும்கூட, அனுமதிக்கலாகாது. சிறுவர் விளையாடட்டும், வண்டி போகட்டும். கிடுகு வேலிக்குப் பதிலாகப் பூவரசும் கிளுவையும் நடுவோம்.

வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை வீண் நிலமென்று எண்ணும் பழக்கம் நம்மிடம் உண்டு. வயலில் வரம்புக்கு விட்ட நிலத்தில் நெல் விளைவதில்லை. ஆயினும் வரம்பில்லாத வயலில் நீர் நிற்பதில்லை. கச்சான் தொடங்குமுன் ஒரு மாலை உங்கள் சங்கத்தைக் கூட்டுங்கள். ஒரு கயிற்றை எடுத்து உங்கள் வீட்டிலிருந்து அயல்வீடு வரை அளந்து பாருங்கள். அந்த அளவைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். உங்கள் கோரிக்கை அங்கிருந்தே தொடங்கட்டும்.